வட்டத்தைச் சிறியதாகப் போடு

பீடோங்

சிரஞ்சீவி வடிவேலுவுக்கு அம்மா ஆசீர்வாதம். இதை எழுதுகிற இந்த நேரம்வரை அப்பாவும் நானும் சுகம், அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சிங்கப்பூரில் உன்னை மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்களாம், அதனால் கருவாட்டு லோரிக்காரர் காளிமுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரையும் முழுக்க நம்பவில்லை. மரவள்ளி வற்றலுக்குள் வைத்துப் பையைத் தைத்திருக்கிறேன், தையல் பிரிந்திருந்தால் எனக்குச் சொல்லியனுப்பு.

உன் ஆபீசில் ஊர்ப்படம் போடுவதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். ஊரில் எத்தனை சனமோ அதற்குத் தக்க வட்டமாம். ரங்கூன் தட்டளவு, பினாங்கு எலுமிச்சை அளவு, குருண் கடுகு, பாலிங் மிளகு, நம் பீடோங் மட்டும் சுண்டைக்காய் அளவுக்குப் பெருத்துவிட்டது என்று கேலி வேறு. அப்பா அதை லயத்து வீடெல்லாம் போய்ப் படித்துக் காட்டினார். நமக்கு அரிசி கொடுக்க மனசில்லாத ஜப்பான்காரனுக்கு நம் தலையை எண்ணி என்ன ஆகவேண்டும்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

பீடோங் எப்படிப் பெருத்தது தெரியுமா? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆள் எண்ண வந்தபோது அரிசிப் பங்கீட்டுக்குத்தான் என்று நினைத்தோம். பெற்ற பிள்ளைகளை எண்ணினாலே கண்பட்டுவிடும் என்று பயப்படுகிற நம் சனம், அன்றைக்குச் செத்தவர்களையும் சேர்த்துச் சொன்னது. பக்கத்து வீட்டுப் பழனியாண்டி, காய்ச்சலில் போன தன் அண்ணனைச் சொன்னார். உன் அப்பா உன்னைச் சொன்னார், மகன் இங்கேதான், ரப்பர்ப் பால் வெட்டப் போயிருக்கிறான் என்று. ஒரு வாய்க்கு அரிசி கூடுமே என்ற ஆசைதான்.

அரிசி கூடவில்லை, லோரிதான் வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், சனம் அதிகமுள்ள ஊர் அதிகம் ஆள் தரவேண்டுமாம். உன் வட்டத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்கிறேன், அப்பா நம்பவில்லை. செத்தவன் வரமாட்டான்லா, உயிரோட இருக்கறவன் ஏறு என்று சொல்லிக் கிராணி பழனியாண்டியை ஏற்றிவிட்டார். நல்ல சம்பளம், மூன்று வேளைச் சோறு என்கிறார். அப்படியானால் அவர் தம்பியை ஏன் ஒளித்து வைத்திருக்கிறார்? போனவர்கள் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

இப்போது உன் முறை என்கிறார்கள். நீ ஏறாவிட்டால் உன் பெயருக்கு அப்பா ஏறவேண்டும். இதை உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, வேட்டியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார். தீபாவளிக்கு வருகிறேன் என்றாயே, வராதே. உன்னைப் பார்க்க உயிர் துடிக்கிறது, ஆனாலும் வராதே. இது அப்பா சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஆபீசில் யாரிடமும் வாயைத் திறக்காதே, படித்ததும் இதை அடுப்பில் போடு. ஆத்தா உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த முறை பீடோங்குக்கு வட்டம் போடும்போது செத்தவர்களைக் கழித்துவிடு, உன்னைக் கழித்துவிடு, அப்பாவையும் கழித்துப் போடு.

உன்னைப் பெற்றவள்,
இரு. அழகம்மா