வெளியே விட்ட செருப்பு

29 செப்டம்பர் 2023, வெள்ளி

நிலாவில் நம் வண்டி போய் இறங்கிய வருஷம். அதே வருஷம் கே.ஆர்.எஸ். அணையில் தண்ணீர் குறைந்து, மண்டியா விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தசரா இந்தத் தடவை எளிமையாகத்தான் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்குக் காவிரிக்காக பந்த்.

எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. எதிர்வீட்டு ஸ்ரீதேவி போனில் ஒரு மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தாள். அதை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறது. என்ன எழுதுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகணும்? சொன்னது நான்தானே.

காலையில் மகன் உதயகுமார் உத்தரவு போட்டான். "அப்பா, இன்னைக்கு வெளிய பேடா, போக வேணாம். போனாலும் ரோட்ல தமிழ் பேசாதீங்க." எனக்கு எழுபத்தாறு. அவன் குளிக்கப் போன நேரம் கிளம்பிவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. காலை மட்டும் எடுத்து வைத்தேன்.

கடைகள் மூடிக் கிடந்தன. இத்தனை வருஷத்தில் இந்த ஊரை இவ்வளவு காலியாகப் பார்த்ததில்லை. ரயில்வே பழைய குவார்ட்டர்ஸ் மதில் ஒரு இடத்தில் இடிந்திருந்தது. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்றைக்கு உள்ளே போனேன். ஏன் போனேன்? வேண்டாம் என்று ஒருவன் சொன்னதனால்தான், வேறென்ன.

ஒரு வீட்டுக்குக் கதவே இல்லை. உள்ளே சிவப்புத் தரை, அந்த வெயிலிலும் குளுகுளு என்று. சமையல்கட்டில் அடுப்பு மேடை மேல் அரசங்கன்று என் இடுப்பு உயரம். சுவரில் வட்டக் கறுப்பு சுவிட்ச். போட்டுப் பார்த்தேன், டக் என்றது. லைட் எதுவும் எரியவில்லை. ஆனால் அந்த டக் சத்தம் நன்றாக இருந்தது. நாலைந்து தடவை போட்டேன்.

30 செப்டம்பர்

முழங்கால் வலிக்கிறது. மறுபடியும் போகணும்.

5 அக்டோபர், வியாழன்

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதால் மருமகள் சொர்ணலதா என்னைப் பூங்காவுக்கு அனுப்புகிறாள். அங்கே வயதானவர்கள் வட்டமாக நின்று கையைத் தட்டி ஹா ஹா என்று சிரிக்கிறார்கள். உடம்புக்கு நல்லதாம். சிரிக்க ஒரு காரணம் வேண்டாமா? நான் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இன்னொருவரும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். பசவராஜ். அரண்மனைப் பக்கம் டாங்கா ஓட்டியவர். குதிரை செத்த பிறகு மகள் வீட்டில் இருக்கிறார்.

குவார்ட்டர்ஸில் நான் பார்த்ததைச் சொன்னேன். "பாம்பு இரல்வா அண்ணா?" என்றார். இருக்கும், தடியால் தட்டிக்கொண்டு போனால் அது போய்விடும் என்றேன். "ஆமேலே நம்ம மகளு?" அப்புறம் தன் மகள் சும்மா விடுவாளா என்று கேட்கிறார். அவள் பாம்பு இல்லையே என்றேன். அதற்குத்தான் சிரித்தார். தினம் சிரிக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

11 அக்டோபர்

இதுவரை மூன்று இடம். கற்றுக்கொண்டது: வெள்ளை வேட்டி ஆகாது, தூரத்திலிருந்தே தெரியும். மாடிப்படியில் சுவரை ஒட்டித்தான் கால் வைக்கணும். வௌவால் நாற்றத்துக்குத் துண்டை நனைத்து மூக்கில் கட்டணும். ஒன்றையும் எடுக்கக் கூடாது, ஒன்றையும் உடைக்கக் கூடாது. பசவராஜ் ஒரு கண்ணாடி மைப்புட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். திருப்பி வைக்கச் சொல்லி மறுபடி மூன்று மாடி ஏற்றினேன். வழியெல்லாம் என்னைத் திட்டினார். கன்னடத்தில் திட்டினால் எனக்குப் புரியாது என்று நினைப்பு.

இன்னொன்று. எவ்வளவு பாழாகக் கிடந்தாலும் வீடு வீடுதான். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "யாருங்க உள்ள?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம். நாங்கள் பேசி முடிவு செய்ததில்லை. முதல் நாளே இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து கழற்றினோம். ஆணி குத்தினால் குத்தட்டும்.

24 அக்டோபர், விஜயதசமி

ஊர் முழுக்க யானை ஊர்வலம் பார்க்கப் போய்விட்டது. நாங்கள் ஒரு பழைய அச்சகத்தில் இருந்தோம். எழுத்துப் பெட்டிகள் கவிழ்ந்து, ஈய எழுத்து தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. காலில் குத்தியது. ஒன்றைக் கையில் எடுத்து, இது என்ன எழுத்து என்று பசவராஜைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கண்ணாடி போடாமல் வந்துவிட்டதாகச் சொன்னார். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. அந்த எழுத்தை எடுத்த இடத்தில் வைத்தேன்.

8 நவம்பர், புதன்

மாட்டிக்கொண்டோம்.

டாக்டர் ஒருவர் இருந்து செத்த பங்களா. பேரன்மார் வெளிநாட்டில். நாங்கள் மாடியில் தேக்கு அலமாரி பார்த்துவிட்டு இறங்கி வந்தால், வாசலில் எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்து பீடி குடிக்கிறான். முனிராஜ் என்று பேர். ஹனூர் பக்கத்து ஆள், நம் தமிழ்ப் பேச்சு.

"ஏனுங் பெரியவரே, திருட வர்றவன் செருப்பைக் கழட்டி வெச்சுப்போட்டா வருவான்?"

திருட வந்தோம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். நல்லவன்தான். ஆனால் அதற்குள் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டான். முதலாளி ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டார்.

ஸ்டேஷனுக்கு எங்கள் இரண்டு பேர் வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள். பசவராஜின் மகள் அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் பாதியாகிவிட்டார். இனிமேல் அத்துமீறிப் போக மாட்டோம் என்று ஒரு காகிதம், முச்சலிக்கை. பசவராஜுக்குத் தன் பேரை மட்டும் எழுதத் தெரியும், கையெழுத்துப் போட்டார். எனக்கு மைப்பெட்டியைத் தள்ளினார்கள்.

"நான் வெக்க மாட்டேனுங்க" என்றேன்.

ஏன் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நான் ஒன்றும் எடுக்கவில்லை, உடைக்கவில்லை. செய்யாததுக்கு நான் ஏன் கட்டைவிரலைக் கறுப்பாக்கணும்? போக மாட்டேன் என்று சொன்னால் அது பொய். பொய்க்குக் கைநாட்டு வைக்க மாட்டேன். ராத்திரிக்கு இங்கேயே படுக்க வேண்டியிருக்கும் என்றார். பாய் இருக்குதுங்களா என்று கேட்டேன். ஒரு போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

உதயகுமார் அந்தக் காகிதத்தை இழுத்து, அப்பா இனி போக மாட்டார், போனால் நான் பொறுப்பு என்று தானே கையெழுத்துப் போட்டுவிட்டான். என்னைக் கேட்கவில்லை. மறுபடி போய் மாட்டினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் ஃபாக்டரி வேலைக்கும் அது நல்லதில்லை. எனக்குத் தெரியும். ஆனால் யார் போடச் சொன்னது?

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சிக்னலில் நின்றபோது, திரும்பாமலேயே சொன்னான்:

"மறுபடியும் செருப்பை வெளியேவே விட்டீங்களா?"

மறுபடியும் என்றானே.

9 நவம்பர்

தூக்கமே வரவில்லை. அந்த ஒரு வார்த்தை.

தொண்ணூற்றொன்று, மார்கழி. அப்போதும் காவிரிதான். நான் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தமிழ் ஆட்களைத் தேடி அடிக்கிறார்கள் என்று மத்தியானம் சேதி வந்தது. ஆலை மேஸ்திரி கெம்பையன், அவர் கன்னடக்காரர், ஆலைக்குப் பின்னால் தான் குடியிருந்த அறையைத் திறந்துவிட்டு எங்களை உள்ளே தள்ளினார். நான், என் மனைவி கமலம்மாள், எட்டு வயசு உதயகுமார், என்னோடு மூட்டை தூக்கின அய்யாசாமி, அவன் பெண்டாட்டி ரங்கம்மா. கெம்பையன் முன்கேட்டுக்குப் போய் நின்றார்.

அவ்வளவு பயத்திலும் நாங்கள் என்ன செய்தோம்? அடுத்தவர் வீடாயிற்றே என்று வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போய் ஒளிந்தோம்! ஒருவருக்கும் தோன்றவில்லை. பையன்தான் கதவைத் திறந்து, எல்லாச் செருப்பையும் மார்போடு அள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தாழ்ப்பாள் போட்டானோ இல்லையோ, பின்பக்கமாகச் சிலர் வந்துவிட்டார்கள். கதவைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டார்கள். நாங்கள் வாய் திறந்தால் தெரிந்துவிடும். நான் அந்த நாளில் பேசின கன்னடம் அப்படி.

பையன் பதில் சொன்னான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கன்னடம், சுத்தமாக. "நாவு கெம்பையன மனெயவரு. அஜ்ஜிகெ ஜ்வர பந்திதெ." நாங்கள் கெம்பையன் வீட்டார், பாட்டிக்குக் காய்ச்சல். அவர்கள் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. கமலம்மாள் சாகும்வரை எத்தனையோ தடவை கேட்டாள். "ஞாபகம் இல்ல அம்மா" என்பான். நானும் நம்பிவிட்டேன். சின்னப் பையன், மறந்திருப்பான் என்று. ரோட்டில் தமிழ் பேச மாட்டான். வீட்டிலும் பாதி கன்னடம். வேலைக்காக என்று நினைத்தேன்.

மறக்கவே இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக வைத்திருக்கிறான்.

12 நவம்பர், தீபாவளி

உதயகுமார் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சொர்ணலதா நடுவில் நின்று மைசூர்பாகு கொடுத்தாள். யாருக்கும் கேட்காத மாதிரி என்னிடம், "மாமா, அடுத்த தடவை ஷூ போட்டுட்டுப் போங்க" என்றாள்.

4 டிசம்பர், திங்கள்

பசவராஜை மகள் இப்போது சிரிக்கிற வட்டத்தில் நிறுத்திவிட்டாள். கையைத் தட்டுகிறார், முகம் அழுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவரிடம் ஒரு சேதி இருந்தது. அந்த அரிசி ஆலை பத்து வருஷமாக மூடிக் கிடக்கிறதே, அதை விற்றுவிட்டார்களாம். பொங்கல் கழிந்து இடிப்பு. அடுக்குமாடி வரப்போகிறது.

எனக்குச் சுவர் பெரிதில்லை. எத்தனை சுவர் போயிற்று. ஆனால் உதயகுமார் அந்த அறைக்குள் ஒரு தடவை நிற்கணும். நின்று, அவன் செய்ததை அவன் வாயால் சொல்லணும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு. சுவர் போன பிறகு ஞாபகம் இல்லை என்பது அவனுக்கு இன்னும் சுலபம்.

15 ஜனவரி 2024, பொங்கல்

சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது.

"வர்ற ஞாயித்துக்கெழமை மில்லுக்குப் போறேன். கெம்பையன் ரூமுக்கு. பகல்ல, முன்கேட்டு வழியா. நீ போட்ட கையெழுத்து உன்னோடது. வேணும்னா இப்பவே ஸ்டேஷனுக்குச் சொல்லிப்போடு. வேணும்னா வண்டியை எடு."

அவன் குழாயை மூடவே இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

20 ஜனவரி

தடிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அவன் வராவிட்டாலும் போவேன். ஆனால் வராவிட்டால் போய் என்ன.

21 ஜனவரி, ஞாயிறு

காலையில் வாசலில் வண்டி நின்றது. அவன் மேலே உட்கார்ந்திருந்தான். நான் ஏறினேன்.

முன்கேட்டு திறந்து கிடந்தது. காவலுக்கு இருந்த ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். களத்தில் சிமெண்ட் வெடித்து எருக்கஞ்செடி. நான் வழி சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் முன்னால் நடந்தான். தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி, தவிட்டுக் கிடங்கைத் தாண்டி, நேராக அந்தக் கதவு. ஞாபகம் இல்லாதவன்.

வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினேன். பழக்கம், கை தானாகப் போகிறது. அவனும் ஷூவைக் கழற்றினான். பிறகு என் செருப்பையும் தன் ஷூவையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

சின்ன அறை. இவ்வளவு சின்னதா? ஓட்டில் ஒரு பக்கம் வானம். அவன் கதவைச் சாத்தி, அதன் பின்னால் குந்தி உட்கார்ந்து, பலகை இடுக்கில் கண்ணை வைத்தான். நாற்பது வயசு ஆள்.

"இதுல அவங்க கால் தெரிஞ்சுதுப்பா. ஒருத்தன் செருப்பில வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தான். நம்ம மாதிரிதான் இவனும்னு நெனச்சேன். அதான் பயப்படாம பேச வந்துச்சு." இடுக்கிலிருந்து கண்ணை எடுத்து, "அப்புறம்தான் பயம் வந்தது. இன்னும் போகல" என்றான்.

நான் அவன் தலையில் கை வைத்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு.

அப்போது கதவு தட்டப்பட்டது. டீ குடிக்கப் போனவன் வந்துவிட்டான். "யார்ரீ ஒளகடெ?" உள்ளே யார் என்று.

உதயகுமார் என்னைப் பார்த்தான். அப்புறம் எழுந்து, கதவை அகலத் திறந்து, சத்தமாக, தமிழில் சொன்னான்: "நாங்கதாங்க. இங்க இருந்தவங்க."

அந்த ஆளுக்குப் புரியவில்லை. மறுபடி கன்னடத்தில் சொன்னான். முதலில் தமிழில்தான் சொன்னான். எத்தனை பேர், எப்போது என்று அந்த ஆள் கேட்டான். நான் சொன்னேன். அன்றைக்கு இருந்தவர்களில் கெம்பையன் அடுத்த வருஷமே நெஞ்சுவலியில் போனார். அய்யாசாமி ஊரோடு போய் அங்கே மண்ணானான். ரங்கம்மா போன மழைக்காலத்தில். கமலம்மாள் போய் ஆறு வருஷம். நான் இன்றைக்கோ நாளைக்கோ. அதற்கப்புறம் உயிரோடு இருந்து இதைச் சொல்லப் போகிறவன் ஒருத்தன். கதவுக்கு உள்ளேயிருந்து பதில் சொன்னவன். என் மகன், உதயகுமார்.