பதினாறு கிலோ

பிப்ரவரி 3

தங்கை இங்கே வந்து பத்து நாளாகிறது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளாயிற்றே என்று ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை எடைக் கருவியில் ஏற்றினேன். எழுபத்தொன்பது. அறுபத்திரண்டு வயதில் எழுபத்தொன்பது! முப்பது வருஷம் தங்கள் பேக்கரியில் புருஷனும் இவளும் உட்கார்ந்து தின்றதற்குப் பலன். சின்ன வயதில் இவளைப் ‘பன்னு’ என்றுதான் கூப்பிடுவோம். பேர் இன்னும் பழுதில்லை.

எனக்கு அறுபத்தேழு. ஐம்பத்தைந்து கிலோ. முப்பத்து மூன்று வருஷம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். எத்தனை சோம்பேறிகளைப் பார்த்திருப்பேன்!

“இனிமே உன் உடம்பை என்கிட்ட விடு. வருஷம் முடியறதுக்குள்ள உன்னை மனுஷியாக்குறேன்” என்றேன்.

“சரிக்கா.”

சரி என்றுதானே சொல்ல வேண்டும்? பிள்ளை குட்டி இல்லை. வேறு போக்கிடம் ஏது?

பிப்ரவரி 4

அட்டவணை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். காலையில் சர்க்கரை போடாத டீ, ஒரு துண்டு ரொட்டி. மதியம் வேகவைத்த காய், ஒரு கைப்பிடிச் சோறு. இரவு சூப். முட்டை, பால், பயறு எதுவும் கிடையாது. காலையும் மாலையும் பூங்காவில் ஆறு சுற்று.

என் தட்டில் இருந்த இரண்டு முட்டையைப் பார்த்தாள். நானாகவே சொன்னேன்: “இது உழைக்கிற உடம்பு. உன்னது உட்கார்ந்த உடம்பு.”

மார்ச் 19

எழுபத்தைந்து. அவள் பைக்குள் பிஸ்கட் பாக்கெட். அவள் கையாலேயே குப்பையில் போட வைத்தேன். அழுகிறாள். பிஸ்கட்டுக்கு!

மார்ச் 20

அலமாரிக்குப் பூட்டு வாங்கினேன்.

மே 11

சலவைக் கடை வைத்திருக்கிற அவள் நாத்தனார் வந்தாள். தூக்குப் பாத்திரம் நிறையக் கறிக்குழம்பும் அவித்த பயறும். “என்ன அண்ணி, முகமே வத்திப்போச்சு?” என்று என்னைப் பார்த்தபடி கேட்டாள். பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். இவள் வாசல்வரை போய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள் — நாத்தனாரையா, பாத்திரத்தையா, தெரியாது.

யாருக்கு என்ன தெரியும்? அம்மா நாலு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தொண்ணூறு கிலோ. இவள் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். தூக்கியவள் நான், புரட்டியவள் நான், துடைத்தவள் நான். இன்னொருத்தியைத் தூக்க என்னால் ஆகாது. அதற்காகத்தான் இத்தனையும். கொடுமைக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 8

அறுபத்தெட்டு. ஆனால் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லையாம், கொண்டுவந்து நீட்டுகிறாள். நான் ஒரே திருகில் திறந்து கொடுத்துவிட்டுச் சிரித்தேன்.

பூங்காவில் நாலாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். “தொடையில தெம்பே இல்லக்கா.” நாலு பேர் பார்க்கும்படி சத்தம் போட்டேன். எழுந்தாள். வெட்கம் இருந்தால் கால் தானாக நடக்கும்.

ஆகஸ்ட் 27

அறுபத்து நாலு! எதிர்வீட்டு அம்மா, “உங்க தங்கச்சியா இது? அடையாளமே தெரியலையே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றுகிறாள். எல்லாம் செல்லம் கொஞ்சல்.

செப்டம்பர் 14

காலையில் மூத்தோர் வேகநடைப் போட்டிக்குப் பயிற்சி. நான் கிளம்பும்போது குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். சோப்பு கேட்கிறாள் என்று நினைத்து —

இல்லை. எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டும்.

“அக்கா, எந்திரிக்க முடியலக்கா” என்றாள். காதில் நன்றாகவே விழுந்தது. “முடியும், எந்திரி” என்று சொல்லிவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. கூப்பிடுவதைக்கூட விட்டிருந்தாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். சுலபமாக வந்தாள். அம்மா எவ்வளவு கனம்! — அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 15

மருத்துவமனை. டாக்டர் சின்னப் பெண். கையைப் பிடித்து அழுத்தச் சொன்னாள், கை ஊன்றாமல் எழச் சொன்னாள். இவளால் ஒருமுறைகூட எழ முடியவில்லை. எடை அறுபத்து மூன்று.

“சாப்பாட்டுத் திட்டம் யார் போட்டது?”

“நான்தான். பதினாறு கிலோ குறைச்சிருக்கேன்” என்றேன். பாராட்டுவாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

“குறைஞ்சதுல நிறைய தசைதாங்க. இந்த வயசுல பட்டினி போட்டு நடக்க விட்டா, உடம்பு தன்னையே தின்னும். போன தசை சும்மா திரும்பி வராது. புரதம் வேணும், கொஞ்சங்கொஞ்சமா எடை தூக்கணும். இவ்வளவு நாளா கேட்க ஆள் இல்லையா?”

தங்கை அவளிடம் கேட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி: “நான் முட்டை சாப்பிடலாமா டாக்டர்?”

“தினமும் சாப்பிடுங்க.”

இவள் என் பக்கம் திரும்பினாள். நான் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 17

நாத்தனார் டாக்ஸியோடு வந்து அழைத்துப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செப்டம்பர் 20

நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? சோறு போடலையா? துணி துவைக்கலையா? யாருக்காகப் பண்ணேன்? அவளுக்காகத்தானே?

யாருக்காக?

அந்த ரெண்டு மணி நேரமும் நான் மைதானத்துல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன். பழச்சாறு குடிச்சேன். அவ ஞாபகமே வரல.

நவம்பர் 2

வேகநடையில் இரண்டாம் இடம். பதக்கத்தை வீட்டில் யாரிடம் காட்டுவது? மேசைமேல் வைத்தேன்.

டிசம்பர் 12

போன் செய்தேன். நாத்தனார் எடுத்தாள். “அண்ணி எடை தூக்கிட்டு இருக்காங்க, அப்புறம் பேசச் சொல்றேன்.” பேசவில்லை.

மார்ச் 6

தன் தையல் மெஷினை எடுத்துப்போகத் தங்கை வந்தாள். நாத்தனார் கீழே வண்டியில் இருந்தாள். இவள் முகத்தில் ரத்தம் ஓடுகிறது. பழைய பருமன் இல்லை, போன வருஷத்து எலும்பும் இல்லை. கைத்தடி இருந்தது, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நின்றாள்.

நான் மெஷினைத் தூக்கப் போனேன். “விடுக்கா” என்று முழங்காலை மடக்கிக் குனிந்து, நெஞ்சோடு அணைத்து, தானே தூக்கிக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டு வேளை. கறி சமைத்திருந்தேன், பயறு அவித்திருந்தேன், அலமாரியைத் திறந்தே வைத்திருந்தேன். “ஒரு வாய் சாப்பிட்டுப் போடி” என்றேன். குரல் கெஞ்சலாகத்தான் வந்தது.

மெஷினை இறக்காமலே என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“வேண்டாம்க்கா. இந்த வீட்டுக்குள்ள வந்தாலே எனக்குப் பசிக்குது.”

இறங்கிப் போனாள். மூன்று மாடி. நான் கதவைப் பிடித்துக்கொண்டு காலடிச் சத்தத்தைக் கேட்டேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை.