பாதி மைதானம்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் வீட்டைக் காலி செய்ய வந்திருந்தாள். வாடகைக்கு விடப் போகிறாளாம். பரணில் கிடந்ததையெல்லாம் கூடத்தில் பரப்பி, எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, இதுல உங்களுக்குன்னு எழுதியிருக்கு" என்று சுருட்டிய தாள் ஒன்றை நீட்டினாள். பிரித்ததும் பழைய டிரேசிங் தாளுக்கே உரிய எண்ணெய் வாசனை வந்தது. நம் தெருக்கோடி மைதானத்தின் வரைபடம். தெற்குப் பாதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. வடக்குப் பாதியில் வெறும் தரை, அதில் அளவு குறித்த ஒரு வாலிபால் கோர்ட். ஓரத்தில் உங்கள் குண்டுக் கையெழுத்தில் "செயலாளர் பார்வைக்கு" என்று இருந்தது.

அந்தச் செயலாளர் நான்தான். காலனிச் சங்கக் கூட்டத்தில் நீங்கள் இதை மேசைமேல் விரித்தபோது, "இது அஜெண்டாவிலேயே இல்லையேக்கா" என்று சொல்லி சுருட்டிக் கொடுத்துவிட்டேன். சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன்.

நம் காலனிக்கு மனை பிரித்த காலத்திலேயே பொது இடமாக விட்ட நிலம் அது. ஒரு பக்கம் நம் அடுக்குமாடிகள், இன்னொரு பக்கம் அடையாற்றங்கரைக் குடிசைகள். காலையில் நம்மவர்கள் நடப்பார்கள். சாயங்காலம் ஆற்றங்கரை ஆட்கள் வாலிபால் ஆடுவார்கள். பெயிண்டர் சேகர் தாவி அடித்தால் பந்து நம் மொட்டைமாடி வரைக்கும் வரும். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை.

பிறகு அந்தப் பெருமழை வருடம் வந்தது. ஆறு குடிசைகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த கொஞ்ச நாளில், அந்தக் குடும்பங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக் குடியிருப்புக்கு அனுப்பாமல் இந்த மைதானத்திலேயே வீடு கட்டித் தரலாம் என்று ஒரு திட்டம் வந்தது. காலனி கொதித்தது. நானும்தான் கொதித்தேன். அது முழுக்க வேஷம் என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மைதானம் இல்லாவிட்டால், மழையில் அது குடித்த தண்ணீரெல்லாம் நம் தரைத்தளத்துக்கு வந்திருக்கும். சுற்றுவட்டாரத்தில் வேறு வெறுந்தரையே கிடையாது.

நீங்கள் மட்டும் கொதிக்கவில்லை. முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டவர். யார் எதற்குக் குதித்தாலும் "அளந்துட்டுப் பேசும்மா" என்பீர்கள். ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு போய் டேப்பின் ஒரு முனையைக் கையில் கொடுத்தீர்கள். கொசு பிடுங்கியது. நான் முனகிக்கொண்டே பிடித்தேன். "பாதியில வீடு, பாதியில மைதானம். தண்ணி போறதுக்கும் இடம் இருக்கு. தாராளமா வரும்" என்றீர்கள். எனக்கு அப்போது பாதி என்ற வார்த்தையே தோல்வியாகக் கேட்டது.

அதிகாரி நேரில் பார்வையிட வருகிறார் என்று தெரிந்தது. விளையாட்டு மைதானமாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்று அவர் எழுதிவிட்டால் திட்டம் நகராது என்று நம் இரண்டாம் மாடி வக்கீல் சொன்னார். ஆனால் ஷூ மாட்டிக்கொண்டு சுற்றிவரும் பத்துக் கிழங்களைக் காட்டி எந்த அதிகாரியை நம்பவைப்பது? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆற்றங்கரை ஆட்களையே இரண்டு அணியாகப் பிரித்து ஒரு மேட்ச் வைத்துவிடலாம். புது நெட், பனியன், எல்லாருக்கும் ரோஸ்மில்க். கல்லூரி நாளில் ஆடியவர் என்பதால் நீங்கள் நடுவர். கமிட்டி கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முந்தின நாள் என் அடுப்படியில் நின்று கேட்டீர்கள்.

"அவங்க ஆடப் போறது அவங்க வீட்டுக்கே எதிரான ஆட்டம். அது அவங்களுக்குத் தெரியணும். சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

நான் சேகரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஆபீசர் வர்றார், எல்லாரும் நல்லா ஆடணும்."

நன்றாகவே ஆடினார்கள். அதிகாரி ஒரு செட் முழுக்க நின்று பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். திட்டம் கைவிடப்பட்டது. சில மாதங்களில் குடிசைகள் டெம்போவில் ஏறிப் பெரும்பாக்கம் போயின. நாம் கம்பிவேலி போட்டோம், நடைபாதை போட்டோம், கல் பெஞ்சு போட்டோம். ஆற்றங்கரை ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து பஸ் பிடித்து ஆட வந்தார்கள். நடக்கிறவர்கள் மேல் பந்து படுகிறது என்று புகார் வந்தது. "பந்து விளையாடக் கூடாது" என்ற பலகைக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். பலகையைப் பார்த்துவிட்டு நீங்கள், "எழுத்து நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

அதன் பிறகு நான்கு வருடம். தினமும் நாலு மணிக்கு காபிக்கு வருவீர்கள். முட்டிவலி, உங்கள் மருமகன், பெசன்ட் நகர் கடற்கரையில் கூட்டம் தாங்கவில்லை என்று எல்லாம் பேசுவோம். நடுவில் சில சமயம் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பீர்கள். நான் பால் பொங்குகிறதா என்று திரும்பிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கூட அப்படித்தான் பார்த்தீர்கள். அங்கே திரும்பிக்கொள்ள அடுப்பு இல்லை, சலைன் பாட்டிலைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க உங்கள் மகள் சேகரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு பஸ் மாறி வருகிறான். நேற்று உங்கள் கூடத்துச் சுவரில் வேலையாக இருந்தான். என் கையில் இந்த வரைபடம் இருந்தது. என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.

"சேகர், அன்னிக்கு ஆபீசர் எதுக்கு வந்தார்னு உங்க யார்கிட்டயும் நான் சொல்லலை."

அவன் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்தான். "இன்னா மேடம், இப்பப் போயி? அதான் எங்களுக்குத் தெரியுமே. மேட்ச்சு லேட்டா ஸ்டார்ட் ஆச்சே, ஞாபகம் கீதுங்களா? அக்கா எங்கள ஓரமா இட்டுகினு போயி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ஆடுனா வூடு வராது, ஆடாட்டி கிரவுண்டு போயிடும், நீங்களே முடிவு பண்ணுங்கன்னாங்க."

"தெரிஞ்சுமா ஆடினீங்க?"

"வூடு தரேன் வூடு தரேன்னு எங்கப்பா காலத்துலேர்ந்து சொல்லிகினு கீறாங்க மேடம். கட்டுனாலும் எங்களுக்குத்தான் குடுப்பாங்கன்னு இன்னா கேரண்டி? கிரவுண்டு கண்ணெதுர்ல கீது. அதுவாவது இருக்கட்டும்னு ஆடுனோம். அப்பால நீங்க போர்டு வெச்சிட்டீங்க." கோபமே இல்லாமல், பஸ் லேட் என்று சொல்வதுபோல் சொன்னான்.

"அப்ப ஏம்பா என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கலை?"

"அக்காதான் வோணாம்ட்டாங்க. 'மேடம் நல்லவங்கதான், அவங்களே ஒரு நாள் வாயைத் தொறந்து சொல்லுவாங்க. அதுவரிக்கும் யாரும் கேக்காதீங்க'ன்னாங்க."

நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் போன அன்றுகூட எனக்கு அவ்வளவு அழுகை வரவில்லை. இத்தனை நாளும் நீங்கள் காபிக்குத்தான் வருகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்லவள்தான் என்றீர்களாம். அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நேற்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். சேகரிடம் சொல்லியாயிற்று. காது கொடுத்துக் கேட்க நீங்கள்தான் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் அவர்களிடம் சொல்லவில்லை, அக்கா. சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொன்னேன்.