வீடியோ காலில் சிலை

நவ. 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் சுடிதார் காயவில்லை. ஹாலில் ஃபேனுக்கு அடியில் கொடி கட்டித் தொங்கவிட்டாயிற்று. இந்த மழை முடியும்வரை அதற்கு அதுதான் நிரந்தர விலாசம்.

சர்ச் பூசையில் மன்றாட்டு வாசித்தது சகாய அத்தை. "எகிப்து நாட்டில், ஏழைகளுக்கு இலவச ஆபரேஷன் செய்யும் குழுவில் பணிபுரியும் நம் பங்கின் மகள் ஸ்டெல்லாவுக்காக..." ஸ்டெல்லா என் அம்மா. போன வாரம் அத்தை கென்யா என்றார். அம்மா இருப்பதோ சியரா லியோனில். பரவாயில்லை, ஆண்டவர் விசாரித்துப் போய்ச் சேர்ந்துகொள்வார்.

அம்மா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியாக மாற்றிய ஒரு கப்பலில் வேலை. ரயிலே வராத பெரம்பலூரிலிருந்து கப்பலுக்குப் போன முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். அப்பாவுக்குப் பாலக்கரையில் மோட்டார் வைண்டிங் கடை. அம்மாவுக்குக் கத்தி, அப்பாவுக்குக் கம்பி, எனக்குக் கடி.

பூசை முடிந்து கோயில் வாசலில் கிடைத்தவை:
- "உங்கம்மா எவ்ளோ பெரிய சேவை செய்றாங்க பாப்பா."
- "நீ கொடுத்து வச்சவ ஜெனி."
- "அம்மாவ நெனச்சு அழக் கூடாது, என்ன?"

அழுதேனா? சிரித்தேன். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, ஜெராக்ஸ். வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டு, பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நவ. 12, புதன்

சாயங்காலம் அம்மா கால். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். நான் ஹாலில், யூனிஃபார்முக்கு முன்னால்.

வார்டில் ஒரு பெண்ணாம். ஆமினாட்டா. என்னைவிட ஒரு வயது மூத்தவள். தாடையில் தேங்காய் அளவு கட்டி. எப்போதும் துணியால் மூடிக்கொண்டே இருப்பாளாம். சந்தைக்குப் போனால் ஜனங்கள் நகர்ந்து நிற்பார்களாம். ஜனவரியில் ஆபரேஷன்.

"உன்ன மாதிரியே வாயாடிடி. துணிக்குள்ள இருந்தே எல்லாரையும் ஓட்டுறா."

அப்புறம் வழக்கமான கேள்வி. "கெமிஸ்ட்ரில எவ்ளோ?"

உடனே சிலை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கப்பலில் நெட் அடிக்கடி நிற்கும். அதனால் பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி, கண் இமைக்காமல் இருந்தால் போதும், ஸ்டக் ஆகிவிட்டது என்று அம்மா நம்பிவிடுவாள். மார்க் கேட்டால் சிலை. முருங்கைக்கீரை சாப்பிட்டியா என்றால் சிலை.

"போச்சு, நின்னுருச்சு" என்றாள். கட் பண்ணவில்லை. பக்கத்தில் இருந்த நாகர்கோவில் நர்ஸ் அக்காவிடம் திரும்பிவிட்டாள்.

"எப்படிக்கா சொல்றது இவகிட்ட? மார்ச் வரைக்கும் இருக்கச் சொல்றாங்கன்னு?"

"ஏன், பிள்ளைட்ட நேராட்டு கேக்க வேண்டியதுதானே."

"கிறிஸ்மஸுக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்தேன். டிசம்பர்ல வர வேண்டிய நர்ஸ் வரலயாம். நானும் கெளம்பிட்டா ஒரு ஆபரேஷன் டேபிள மூடிடுவாங்க. தேதி குடுத்தவங்கள திருப்பி அனுப்பணும், ஆமினாட்டாவையும் சேத்து."

"பிள்ளை என்ன சொல்லும்?"

"இரும்மான்னு சிரிச்சிட்டுச் சொல்லிடுவா. அதான்க்கா பயம்."

கண் எரிந்தது. இமைக்கவில்லை. அம்மா கட் பண்ணிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. 'நெட் போச்சு மா' என்று மெசேஜ், கூடவே ஒரு குரங்கு ஸ்டிக்கர்.

நவ. 13, வியாழன்

மழை. ஸ்கூல் லீவு. கூட விளையாட ஆளில்லாத லீவு.

தோசை சுட்டேன். ஆப்பிரிக்கா மேப் மாதிரியே வந்தது. அப்பா மேலிருந்து பிய்த்தார். முதலில் எகிப்து காலி. மேற்குப் பக்கம் கருகல்.

"அங்கதாம்ப்பா அம்மா இருக்கு."

சிரிக்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் தட்டில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம்? கிளாஸ்மேட் கீர்த்தியிடம் சொன்னால் "பாவம்டி அந்தப் பொண்ணு" என்பாள். பாவம்தான். எனக்கும் தெரியும். போட்டி ஆமினாட்டாவோடு என்றால் நான் தோற்கத்தான் வேண்டும். ஜெயித்தால் நான் என்ன மனுஷி?

நவ. 15, சனி

அப்பாவோடு ஏலாக்குறிச்சி மாதா கோயில். அரியலூரில் பஸ் மாறினோம். சிமெண்ட் லாரிகள், ரோடெல்லாம் சாம்பல் நிறச் சேறு. ஜன்னல் ஓரம் எனக்கு. கண்ணாடியில் ஆவி ஊதி மீசை வரைந்தேன். பின்சீட்டுக் குழந்தை சிரித்தது. இந்த வாரத்தில் நான் சிரிக்க வைத்த ஒரே ஆள்.

அப்பா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றார்.

"என்னப்பா வேண்டிக்கிட்ட?"

"மழை நிக்கணும்னு."

மழை நிற்கவில்லை. திரும்பும்போது, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபடி கேட்டுவிட்டேன்.

"மார்ச் விஷயம் ஒனக்குத் தெரியுமாப்பா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும். அவளே ஒன்கிட்ட சொல்லட்டும்னு இருந்தேன்."

"நீ என்ன சொன்ன?"

"இருன்னுதான் சொன்னேன்." டீக்குக் காசு எடுத்துக் கொடுத்துவிட்டு, "வேற என்ன சொல்றது" என்றார்.

ஆக, இந்த வீட்டில் ஜெராக்ஸ் மெஷின் இரண்டு. பெரம்பலூர் வரும்வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நவ. 16, ஞாயிறு

மன்றாட்டில் இன்று அம்மா தென்னாப்பிரிக்காவில்.

சாயங்காலம் கால். அம்மா சுற்றி வளைக்கவில்லை. மார்ச், டேபிள், ஆமினாட்டா, எல்லாம் சொன்னாள். நான் ஒத்திகைப்படி:

"இரும்மா. மார்ச் என்ன, கப்பல்ல ஒரு வருஷம் முடிச்சு ஆனிவர்சரி கொண்டாடிட்டே வா. நீ இல்லாம முருங்கைக்கீரை வெலையே எறங்கிடுச்சு."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. ஸ்டக்.

"அம்மா? கேக்குதா?"

இல்லை. அசைவே இல்லை. கட் பண்ணப் போனேன், பண்ணவில்லை. கேட்காத அம்மாவிடம் பேசுவது சுலபமாக இருந்தது.

"பொய்ம்மா. எனக்கு நல்லா இல்ல. வூட்டுல ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் கேக்குது, நீ இருக்கப்ப கேட்டதே இல்ல. எல்லாரும் உன்னப் பெருமையாச் சொல்றாங்க, நான் நல்லா இல்லன்னு யாருகிட்டச் சொல்ல? அந்தப் பொண்ணுக்குப் பண்ணிட்டே வா. வேணாங்கல. ஆனா எனக்கு நல்லா இல்ல."

அப்போதுதான் பார்த்தேன். ஸ்டக் ஆன அம்மாவுக்குப் பின்னால் நாகர்கோவில் அக்கா சாப்பாட்டுத் தட்டோடு நடந்து போனார்.

அம்மா இன்னும் இமைக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது.

"அம்மா... ஏமாத்துறியா?"

மூக்கை உறிஞ்சினாள். "ஆமினாட்டாவுக்கு முடிஞ்ச மறுவாரம் கெளம்பிடுறேன். அதுக்கப்புறத்துக்கு வேற ஆளு தேடட்டும். நாளைக்கே சொல்லிடுறேன்."

கிறிஸ்மஸ் போச்சு. மார்ச்சும் போச்சு. எதற்கு அழுவது என்று தெரியாமல் யூனிஃபார்மை இழுத்து முகத்தைத் துடைத்தேன்.

"அடுத்த வாட்டி சிலையா நிக்கிறப்ப," என்றாள் அம்மா, "ஃபேன நிறுத்திட்டு நில்லுடி. புதன்கிழமை பூரா ஒன் முதுகுக்குப் பின்னால அந்தச் சுடிதாரு ஆடிக்கிட்டே இருந்துச்சு."