கரியில் தங்கியது

9-3-86, விழுப்புரம்
திண்டிவனம் போய் வந்தேன். முலாம் பட்டறைக்குப் பின்புறம் பொன்னியக்கா வீட்டுக் கிணறு. தண்ணீர் இளமஞ்சள். குரோமியம். என் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல கிணறு கிடைக்காது — இப்படி நினைக்கிறவன் என்ன மனிதன்?

ஊர்க்குழாயில் அக்காவைக் கடைசியாகத்தான் பிடிக்க விடுகிறார்கள். சில நாள் அதுவும் இல்லை.

23-3-86
மல்லாட்டைத் தொலியை, அதாவது நிலக்கடலை ஓட்டை, கரியாக்கிப் பானையில் நிரப்பி, கிணற்று நீரை ஊற்றினேன். வடிந்ததில் சோதனைத் துளி விட்டேன். குரோமிய விஷம் இருந்தால் ஊதாவாகும். ஆகவில்லை.

நானே முதலில் குடித்தேன். அக்காவின் வீட்டுக்காரர் விருத்தாசலம் சிரித்தார்: "நாளைக்கி சாருக்கு வவுத்தால போவலன்னா நாங்க குடிக்கிறோம்."

பழைய கரியை அடிக்கடி மாற்றச் சொல்லி, ஒரு மூட்டை புதுக்கரி கொடுத்தேன்.

4-5-86
கட்டுரை பாதி. அக்கா குழாய்க்குப் போவதே இல்லையாம். சந்தோஷப்பட வேண்டும். படுகிறேனா?

1-6-86
குழம்பிப்போய் எழுதுகிறேன். பானையில் வடிந்த நீர் சுத்தம். அதையே அக்கா செம்பில் மொண்டு கொடுத்தார். துளி விட்டேன். ஊதா. மறுபடியும் ஊதா.

எங்கிருந்து?

வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் போட்டு. சாம்பலைக் கரைத்துப் பார்த்தேன். கடும் ஊதா.

"பழைய கரியை என்ன பண்றீங்க?"

"அடுப்புக்குத்தான். காய வெச்சா நல்லா எரியுது சார். அத யாராவது கொட்டுவாங்களா?"

எங்கள் வீட்டிலும் தொலி அடுப்புக்குத்தான் போகும், சாம்பல் பாத்திரத்துக்கு. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? மாத்துன்னு மட்டும் சொன்னேன். எங்க போடணும்னு சொல்லல. எனக்கே தெரியாது.

8-6-86
பழைய கரியை எங்கே போடுவது என்று என் வழிகாட்டி மாசிலாமணி சாரிடம் கேட்டேன். "அது உன் தலைப்பு இல்லப்பா. நீ தண்ணியிலேர்ந்து எடுக்கிறதப் பாரு."

15-6-86
பானையை நிறுத்திவிடலாம் என்றேன். அக்கா பாத்திரத்தை மண்ணால் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பழசை நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க சார். அந்தக் குழாயாண்ட இன்னொருவாட்டி போய் நிக்க மாட்டேன்."

சாக்கு மடியில். கண்டக்டர், "இன்னா சார், அடுப்புக் கரியா?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

17-8-86
என் அறையில் கட்டிலுக்கடியில் இடமில்லை. சாக்குகளை ஜன்னலோரம் நகர்த்தினேன்.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்தார். "கரி சும்மாதானே தம்பி கெடக்குது. வெந்நீர் அடுப்புக்குக் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தேன்.