ஏழாவது பட்டன்

ஜூன் 3, செவ்வாய்

ஐந்தாவது வடிவமும் திரும்பி வந்துவிட்டது. பல் மருத்துவருக்கு “இன்னும் பளபளப்பு” வேண்டுமாம். அவருடைய கிளினிக்கின் இணையதளத்தில் நோயாளிகள் நேரம் பதிவு செய்ய அழுத்தும் ஒரே ஒரு நீலப் பட்டன். அகலம் நூற்றெண்பது பிக்சல். இதற்கு இரண்டு வாரம்.

வேலை என்னவோ எளிதுதான். கீழே அடர்நீலம், மேலே போகப்போக வெளிர்நீலம். அதற்கு மேல் லேயர் என்கிற தனி அடுக்கில் ஒரு வெள்ளை நீள்வட்டம். அதில் பாதியை வெட்டிவிட்டு மிச்சத்தை நன்றாக மங்கலாக்கினால் ஈரக் கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கம் வந்துவிடும். எங்கோ மேலே விளக்கு ஒன்று தொங்குவதாகப் பார்க்கிறவர் நம்ப வேண்டும். விளக்கு கிடையாது. நாள் முழுக்க இல்லாத விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வழக்கம்போல் அப்பாவிடம் காட்டினேன். பள்ளி வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, கைகால் கழுவியதும் “இன்னைக்கு என்ன செஞ்ச, காட்டு” என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். இன்று, “போன தடவைக்கு இது தேவலாம்மா,” என்றார். அந்த ஒரு வரியை நம்பித்தான் நாளையும் வேலைக்குப் போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

ஆறாவதும் போயிற்று. கழுத்து வலி. மேசையில், படிக்க ஆரம்பித்த தடித்த நாவல் ஒன்று அறுபதாம் பக்கத்திலேயே குப்புறக் கிடக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் குழுத் தலைவரை எல்லாரும் பிக்சல் அண்ணன் என்போம். திரையில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து, “இந்த ஓரம் ஒரு பிக்சல் வெளிய நிக்குது பாருங்க,” என்றார். நின்றது. அதுதான் இன்னும் எரிச்சல்.

பக்கத்து இருக்கைக்காரி, நான் வரைவதையெல்லாம் கணினி நிரலாக மாற்றுகிறவள், தலை திருப்பாமலே சொன்னாள்: “பட்டனை அமுக்கப்போறவன் பல்லு வலில துடிச்சுக்கிட்டு வருவான்டீ. அவன் நின்னு பளபளப்பைப் பாக்கப்போறானா?” பிக்சல் அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் ஏழாவதைக் காட்டினேன். அப்பா சற்று நேரம் பார்த்தார். “ஆங், இப்பதான் கண்ணாடி மாதிரி மினுங்குது.”

அவர் சாப்பிடப் போன பிறகுதான் கவனித்தேன். மதியம் எழுத்தைச் சரிபார்க்கப் பளபளப்பு லேயரை அணைத்திருந்தேன். திரும்பப் போட மறந்திருக்கிறேன். திரையில் இருந்தது மொட்டை நீலம். மினுக்கம் துளி இல்லை.

அப்பா எனக்கு முகஸ்துதி செய்கிறாரா? பள்ளி ரேங்க் கார்டில் மூன்றாம் இடம் வந்தபோது, “ரெண்டு பேர் உன்னைவிட நல்லா படிச்சிருக்காங்க,” என்று மட்டும் சொன்ன மனிதர். நான் அவ்வளவு பரிதாபமாகவா தெரிகிறேன்? சாப்பிடும்போது அவரிடம் பேசவில்லை.

ஜூன் 9, திங்கள்

மருத்துவர் பட்டனில் இருந்த வார்த்தைகளை மாற்றச் சொன்னார். ‘நேரம் பதிவு செய்க’ போய் ‘இன்றே வாருங்கள்’ ஆயிற்று. வெள்ளிக்கிழமைக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததால், “வாசிச்சுச் சொல்லுங்கப்பா, எழுத்து தெளிவா இருக்கா?” என்று கேட்டேன்.

“நேரம் பதிவு செய்க,” என்றார். தயக்கமே இல்லை. “நல்லாத் தெளிவா இருக்கு.”

“கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்களேன்.”

“போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

போட்டுக்கொண்டுதான் இருந்தார். மடிக்கணினியை மூடிவிட்டேன். அவர் போன தடவையைப் பாராமல் ஒப்பித்திருக்கிறார். போன தடவையும் அப்படித்தானா? அதற்கு முந்தைய தடவை?

பதினாறு குழந்தைகள் அந்த வேனில்.

ஜூன் 10, செவ்வாய்

அவர் கிளம்புவதற்குள் கீழே போய் வேனைப் பார்த்தேன். குழந்தைகள் இறங்கும் கதவுப் பக்கத்தில், பக்கவாட்டுக் கண்ணாடியைப் பழுப்பு டேப் சுற்றி நிறுத்தியிருக்கிறார். கதவின் மேல் நீளமாக ஒரு கீறல். “ஸ்கூல் வாசல்ல எவனோ உரசிட்டுப் போயிட்டான்,” என்றார், நான் கேட்காமலே.

அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

“தெரியும்.”

“எவ்வளவு நாளா?”

“போன வருஷத்துலேர்ந்து. டம்ளரைத் தட்டிவிட்டுக்கிட்டே இருந்தாரு. எப்பவும் இடப்பக்கம் வச்ச டம்ளர். நான் வலப்பக்கம் வைக்க ஆரம்பிச்சேன்.”

“ஏம்மா சொல்லல?”

“உன்கிட்ட சொல்லி? அந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டா அந்த மனுஷன் காலைல எழுந்து என்ன பண்ணுவாரு, அதைச் சொல்லு மொதல்ல.” பிறகு குரல் தணிந்து: “தினமும் அவர் திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசலையே பாத்துக்கிட்டு நிப்பேன். நீ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பேசாத.”

அவள்மேல் கோபப்பட முடியவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

ஜூன் 11, புதன்

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

அலுவலகத்தில் மதிய இடைவேளையில், திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பன்னிரண்டு பக்கம் செய்தேன். ஒவ்வொன்றிலும் அந்தப் பட்டன் ஒவ்வோர் இடத்தில். நடுவில், மூலையில், ஓரத்தில். சிலவற்றில் மங்கலாக. சாயங்காலம் அப்பாவின் முன்னால் வைத்தேன்.

“தலையைத் திருப்பாம நடுவுல பாருங்கப்பா. பட்டன் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

முதல் மூன்றைச் சொன்னார். நான்காவது இடது ஓரத்தில் இருந்தது. “இதுல இல்லையே,” என்றார். அடுத்ததிலும் “இல்ல.” அடுத்ததிலும். ஏழாவது வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இது உன் ஆபீஸ் வேலை இல்ல.”

“இல்லப்பா.”

“எத்தனை தப்பு?”

“மூணு. எல்லாம் இடப்பக்கம், வேன் கதவுப் பக்கம்.”

அம்மா கூடத்து வாசலில் வந்து நின்றாள். அவர் சொன்னார்: “இருபத்திரண்டு வருஷம். ஒரு புள்ளைக்கு முழங்கால் சிராய்ச்சது கிடையாது.”

“நாளைக்குச் சிராய்ச்சா?”

“எனக்குப் பாடம் எடுக்கறியா?”

எனக்கு அழுகை வந்தது, குரல் உயர்ந்துவிட்டது. நாளைக்கு நீங்க வண்டியை எடுத்தீங்கன்னா நான் ஸ்கூலுக்கு போன் பண்ணிடுவேன், சத்தியமா பண்ணுவேன் என்றேன். அவர் எழுந்தார். “பண்ணு,” என்றார். உள்ளே போனவர் கதவை அறைந்து சாத்தவில்லை. சாத்தியிருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

நான் எழுந்தபோது வேன் இல்லை.

அலுவலக மாடிப்படியில் நின்று பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தேன், பார்த்து வாசித்தேன். கண், இடப்பக்கம், டேப் சுற்றிய கண்ணாடி, எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார்.

பிறகு சொன்னார்: “உங்க அப்பா காலைல ஆறு மணிக்கே வெறும் வண்டியைக் கொண்டாந்து விட்டுட்டு சாவியைக் குடுத்துட்டாரும்மா. வேற ஆள் ஓட்டிட்டுப் போயிருக்கான். ரெண்டு நாள் லீவு எழுதிக் குடுத்தாரு. சொந்த வேலைன்னு போட்டிருந்தாரு.” கொஞ்சம் நிறுத்தி: “இப்படின்னு தெரியாது. இனிமே டாக்டர் சீட்டு இல்லாம சாவி குடுக்க முடியாதும்மா.”

ஒரு குழந்தைகூட வேனில் ஏறுவதற்குள் அவர் தானாகவே நிறுத்தியிருக்கிறார். சத்தமில்லாமல் கண் டாக்டரிடம் போய்விட்டு வர நினைத்திருக்கிறார். சாயங்காலம் வரை பொறுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அல்லது எட்டு மணிக்கு வீட்டிலேயே அம்மாவைக் கேட்டிருந்தால். கேட்கவில்லை. வேன் இல்லை என்றதும் முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் வேறு மாதிரி இருந்திருந்தால்? அவர் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தால்? திரும்பத் திரும்ப இதையே.

ஜூன் 13, வெள்ளி

“அவளைச் சாப்பிடச் சொல்லு,” என்றார் அப்பா, அம்மாவிடம். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

கண் மருத்துவமனை. அம்மா மட்டும் கூடப் போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறதாம். போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். நடுப் பார்வை இருக்கிறது, இடப்பக்க ஓரம் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் கலக்கும் இடத்தையும் பிரித்தறிய முடியவில்லை. வண்டி ஓட்டவே கூடாது. டாக்டர் ஒரே வரியில் சொன்னாராம். அப்பா “சரி சார்” என்றாராம். அம்மாவால் அந்த “சரி சார்”ஐத்தான் மறக்க முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்று பட்டனின் அழுத்தப்பட்ட நிலையை வரைந்தேன். விரல் பட்டதும் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குத் தனிப் படம். மேலிருக்கும் வெளிச்சத்தை எடுத்துவிட்டு நிழலை உள்ளே வைக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரு பிக்சல் கீழே இறக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. நான்கு மணி நேரம் ஆயிற்று.

அப்பா காலையில் ஐந்தரைக்கே எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்கும் போவதில்லை.

“இன்னைக்கு என்ன செஞ்ச” இல்லை.

ஜூன் 27, வெள்ளி

ஒன்பதாவது வடிவத்தில் நானாகவே மாற்றினேன். வெள்ளை மினுக்கம் வெள்ளை எழுத்தின் மேல்பாதிக்குப் பின்னால்தான் விழுகிறது. அங்கே எழுத்து கரைந்துபோகிறது. இத்தனை நாளும் எனக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரியுமே. மினுக்கத்தை எழுத்துக்கு மேலே ஒரு கீற்றாகச் சுருக்கினேன், நீலத்தை அடர்த்தியாக்கினேன்.

“பளபளப்பு குறைஞ்சுபோச்சே,” என்றார் பிக்சல் அண்ணன்.

“எழுத்து படிக்க முடியணும் அண்ணா.”

“முன்னாடியும் படிக்க முடிஞ்சுதே.”

“உங்களுக்கு முடிஞ்சுது.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டு விஷயம் நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. “சரி, அனுப்புங்க. திட்டு வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிப்போம்.”

திட்டு வரவில்லை. பல் மருத்துவர் “ஓகே” என்று ஒரு சொல் அனுப்பினார். ஒரு மாதத்துக்கு ஒரு சொல். பக்கத்து இருக்கைக்காரி, “எங்கடி பார்ட்டி?” என்றாள். தூங்கப் போகிறேன் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

பள்ளியிலிருந்து ஆள் வந்தார், அந்தப் பொறுப்பாளர்தான். வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கக் கூடவே ஓர் ஆள் வேண்டுமாம். எந்தக் குழந்தைக்கு எந்த வாசல், யார் வீட்டில் நாய் இருக்கிறது, யாரை அத்தை வந்து கூட்டிப்போவாள், இதெல்லாம் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்பா, “ஓட்டினவன் கதவு திறந்துவிடணுமா?” என்றார்.

“குழந்தைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க,” என்றார் அவர்.

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். நான் அறைக்குள்ளேயே இருந்தேன். வெளியே வர எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஜூலை 21, திங்கள்

அப்பா வேனில் போயிருக்கிறார். அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தலைவலி, சீக்கிரமே வீடு திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வேன் வந்து நின்றது. அப்பா இறங்குவதற்கு முன் தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார், பிறகு கால் வைத்தார். புது டிரைவர் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, உங்க அப்பாவைக் கொஞ்சம் கேளுங்க. அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு இவரும் பிரேக் போடறாரு. ஒவ்வொரு திருப்பத்துலயும். வெறும் தரையில ஓங்கி மிதிக்கறாரு. நான் பயந்துபோறேன்.”

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இவன் லேட்டா போடறாம்மா,” என்றார் அப்பா, இத்தனை நாளுக்கப்புறம் நேராக என்னிடம். “திருப்பத்துக்கு முன்னாடியே போட வேணாமா? நீயே சொல்லு.”

“முன்னாடியே போடணும்ப்பா,” என்றேன்.