ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். என் வேலையும் தப்பித்தது.

எங்கள் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒரு வங்கி திங்களன்று திவாலானது. நாங்கள் தர வேண்டியது தொண்ணூறு கோடி, எங்களுக்கு வர வேண்டியது நூறு. இரண்டையும் கழித்துக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொண்ணூறையும் கட்டிவிட்டு நூறுக்கு மற்ற கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நின்றிருப்போம். அதன் கடைசிப் பக்கத்தில் அந்த வங்கியின் கையெழுத்தே இல்லாமல் இருந்தது. போன மாதம்தான் கண்டுபிடித்து, விடாமல் கேட்டு வாங்கினேன்.

"உங்களுக்கு எதுலதான் மேடம் நம்பிக்கை வரும்?" என்று அப்போது சிரித்த எங்கள் மேலாளர், இன்று தானே டீ கொண்டுவந்து வைத்தார். "வேற யார் கையெழுத்து பாக்கி?" என்றார்.

பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பீர்களே, எனக்கும் அந்தப் புத்திதான். ஞாயிறன்று பேசும்போது, செலவாகுமென்று உடனே போனை வைத்துவிடாதீர்கள்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்